சி டிரைவ் நிரம்பிவிட்டால் எதை முதலில் அழிப்பது, எதைத் தொடவே கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் நிலைமை இதுதான். மூன்று ஆண்டுப் பழைய மடிக்கணினி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது, 3 ஜிபிதான் மிச்சம். குடும்பப் படங்களை அழித்துக் கொஞ்சம் இடம் பிடித்தீர்கள், இரண்டே நாளில் அதுவும் நிரம்பிவிட்டது. இடம் போதவில்லை என்று விண்டோஸ் அப்டேட்டும் பாதியில் நின்றுவிட்டது.

முதலில் ஒரு வேண்டுகோள். படங்களை அழிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். இடம் போதாதபோது எல்லோருடைய கையும் முதலில் படங்களிடமும் வீடியோக்களிடமும்தான் போகிறது, ஏனெனில் கண்ணுக்குத் தெரிபவை அவைதான். ஆனால் அந்தக் கணினியில் உள்ளவற்றுள், போனால் வேறெங்கிருந்தும் பெற முடியாதவையும் அவைதான். அதே கணினியில், மறைந்திருக்கும் கோப்புறைகளில், விண்டோஸ் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய கோப்புகள் முப்பது ஜிபிக்கும் மேலாகக் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே எதை அழிப்பது என்பதைவிட எந்த வரிசையில் அழிப்பது என்பதே முக்கியம் என்று கருதுகிறேன். இந்தப் பதில் முழுவதும் அந்த வரிசையைப் பற்றியதுதான்.

256 ஜிபி என்று வாங்கிய வட்டு 238 ஜிபி என்றே காட்டுகிறது, மீதி 18 ஜிபி எங்கே போயிற்று என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கும் போகவில்லை. வட்டைத் தயாரிப்பவர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ மூன்று 1024-களை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அளவுகோல் மாறுவதால் எண் குறைகிறதே தவிர, இடம் குறையவில்லை. இதே கணக்கில் 500 ஜிபி வட்டு 465 என்றும், 1 டிபி வட்டு 931 ஜிபி என்றும் தெரியும். இதற்கும் வட்டு நிரம்பியதற்கும் தொடர்பில்லை என்பதால் இதோடு விட்டுவிடலாம்.

எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு தொடங்குவது நல்லது. பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் விண்டோஸ் அந்தப் பட்டையைச் சிவப்பாக்குகிறது. எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை இது வெறும் எச்சரிக்கை நிறம் அன்று. எஸ்எஸ்டியில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. ‘பக்கங்கள்’ எனப்படும் பல சிறு பகுதிகள் கொண்ட ஒரு தொகுதியை முழுவதுமாக அழித்த பிறகே அதில் மறுபடி எழுத முடியும். காலியிடம் தாராளமாக இருந்தால், வட்டு ஓய்வாக இருக்கும் நேரத்தில் பழைய தொகுதிகளை ஒழித்து வைத்துக்கொள்ளும். இடம் இல்லாவிட்டால், நீங்கள் ஒரு கோப்பைச் சேமிக்கக் காத்திருக்கும் அந்தக் கணத்திலேயே, இருக்கும் தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். கணினி திணறுவதாக நீங்கள் உணர்வதில் ஒரு பங்கு இதனால்தான். உங்கள் வட்டில் 35 ஜிபி, அதாவது ஏறத்தாழ 15 விழுக்காடு, எப்போதும் காலியாக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை.

இனி அளப்பதற்கு வருவோம். எதையும் அழிக்கும் முன் இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று உள்ளே போனால் செயலிகள், தற்காலிகக் கோப்புகள், படங்கள், மற்றவை என்று விண்டோஸ் பிரித்துக் காட்டும். தொடக்கத்திற்கு அது போதும்; ஆனால் ‘மற்றவை’ என்ற தலைப்பில் 70 ஜிபி என்று காட்டினால் அதிலிருந்து எதையும் புரிந்துகொள்ள முடியாது. அப்போது விஸ்ட்ரீ என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு அது இலவசம். ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து எண்ணாமல், என்டிஎஃப்எஸ் என்ற, விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பு முறையில் அமைந்த வட்டில் எல்லாக் கோப்புகளின் விவரமும் பதிந்திருக்கும் முதன்மை அட்டவணையை அது நேரடியாகப் படிப்பதால், முழு வட்டையும் சில விநாடிகளில் அளந்துவிடுகிறது. வின்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். எதை எடுத்தாலும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள்; வலது சொடுக்கில் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறங்கள். இல்லையென்றால் சில கோப்புறைகளின் அளவு கணக்கில் வராது. கோப்பின் அளவு, வட்டில் அது உண்மையாகப் பிடித்திருக்கும் இடம் என்ற இரண்டு எண்கள் அதில் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் மட்டும் இருக்கும் ஒரு கோப்பு, அளவில் 2 ஜிபி என்று காட்டினாலும் வட்டில் ஏறத்தாழ எதையும் பிடித்திருக்காது.

அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெரிய உருப்படியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது போனால் எப்படித் திரும்ப வரும்? கணினி தானே உருவாக்கிக்கொள்ளும் என்றால் தயங்காமல் அழிக்கலாம். இணையத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்றால் யோசித்து அழிக்கலாம். உங்களிடம் மட்டுமே இருக்கிறது என்றால் அதை அழிக்கக் கூடாது, நகர்த்த மட்டுமே வேண்டும்.

தானே திரும்ப வருபவற்றிலிருந்து தொடங்குவோம். அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்பதைத் திறந்தால், தேர்ந்தெடுத்து அழிக்கத்தக்க ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் அப்டேட் க்ளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், சிறுபடங்களின் சேமிப்பு, தற்காலிகக் கோப்புகள் ஆகிய எல்லாவற்றையும் அழிக்கலாம். அண்மையில் பெரிய பதிப்பு மாற்றம் நடந்திருந்தால் ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்ற வரியும் இருக்கும். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற பெயரில் கிடக்கும் பழைய பதிப்பின் முழு உடல் அது. பெரும்பாலும் பத்து ஜிபிக்குக் குறையாது, சில கணினிகளில் இருபதையும் தாண்டும். புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்புவதற்காக விண்டோஸ் பத்து நாள் வரை அதை வைத்திருந்து, பிறகு தானே நீக்கிவிடும். புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது என்றால் பத்து நாள் காத்திருக்கத் தேவையில்லை.

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரியிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையும் இதே பட்டியலில், தற்காலிகக் கோப்புகளின் நடுவே, ஒரு வரியாக நிற்கிறது. முன்கூட்டியே அது தேர்வு செய்யப்பட்டிருக்காது என்றாலும், எல்லாக் கட்டங்களையும் ஒரே வேகத்தில் தேர்வு செய்துகொண்டு போகிறவரின் கை அதையும் தொட்டுவிடும். நம்மில் பெரும்பாலானோருக்கு டவுன்லோட்ஸ்தான் உண்மையான அலமாரி: வில்லங்கச் சான்று, பட்டா நகல், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், வங்கி அறிக்கை என்று இறக்கியவை எல்லாம் அங்கேயே கிடக்கும். அந்தக் கட்டத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, அந்தக் கோப்புறையைத் தனியாகத் திறந்து, அளவின்படி வரிசைப்படுத்தி, கண்ணால் பார்த்து அழியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் இறக்கிய மென்பொருள் நிறுவல் கோப்புகளே அங்கே சில ஜிபி தேறும்.

அழித்த எதுவும் ரீசைக்கிள் பின்னில் இருக்கும் வரை ஒரு பைட்டும் காலியாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். சி டிரைவில் அழித்தது சி டிரைவிலேயே மறைவாகக் கிடக்கிறது. படங்களை அழித்தும் இடம் வராதது போலத் தோன்றுவதற்கு இதுவே பொதுவான காரணம். உங்கள் நிலையில் இது நல்ல செய்தியாகவும் இருக்கலாம்: நீங்கள் அழித்த படங்கள் இன்னும் அங்கே இருந்தால், அதைக் காலி செய்யும் முன் அவற்றை மீட்டுவிடுங்கள்.

அடுத்து, விஸ்ட்ரீ பட்டியலின் உச்சியில் தெரியப்போகும் இரண்டு பெரிய கோப்புகள். ஹைபர்ஃபில்.சிஸ் என்பது, கணினி ஹைபர்நேட் நிலைக்குப் போகும்போது ரேமில் இருப்பதை எழுதி வைக்கும் கோப்பு. வழக்கமாக அது ரேமின் அளவில் 40 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது, உங்களுக்கு 3.2 ஜிபி, 16 ஜிபி ரேம் உள்ளவருக்கு 6.4 ஜிபி. இதை வேண்டாம் என்று சொல்ல, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்து ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் (/) ஹைபர்நேட் என்ற சொல்லும் சேர்த்து, மறுபடி இடைவெளி விட்டு, ஆஃப் என்று அடித்தால் போதும். கோப்பு அந்தக் கணமே மறைந்துவிடும். ஆனால் இதைச் செய்தால் கணினியை விரைவாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் சேர்ந்து போய்விடும். அதைவிட முக்கியமாக, பேட்டரி தீரப்போகும் நேரத்தில் திறந்திருக்கும் வேலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு அணையும் பாதுகாப்பையும் இழப்பீர்கள். அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊரில் மடிக்கணினியில் வேலை செய்பவர் 3 ஜிபிக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், மற்ற வழிகளெல்லாம் தீர்ந்த பிறகே என்பேன்.

பேஜ்ஃபைல்.சிஸ் என்பது இன்னொன்று. ரேம் போதாதபோது அதன் நீட்சியாக விண்டோஸ் பயன்படுத்தும் இடம் அது. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் இதை நீக்கினால், உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய ஆவணத்தைத் திறக்கும்போது செயலிகள் முன்னறிவிப்பின்றி மூடிக்கொள்ளும். அதன் அளவைத் தீர்மானிப்பதை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒன்று பத்து ஜிபிக்கு மேல் காட்டும். அதைக் கையால் அழித்து, கணினி மறுபடி எழவே எழாத நிலைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே இருக்கும் கோப்புகளில் பெரும்பகுதி விண்டோஸின் மற்றக் கோப்புறைகளில் இருக்கும் அதே கோப்புகள்தான். வட்டில் ஒரே தரவு, அதற்கு இரண்டு முகவரிகள். எக்ஸ்ப்ளோரர் இரண்டு முகவரியையும் தனித்தனியாக எண்ணிவிடுவதால் உண்மையைவிடப் பெரிதாகக் காட்டுகிறது. உண்மையில் நீக்கத்தக்கவை பழைய அப்டேட்டுகளின் எச்சங்கள் மட்டுமே, அவற்றை மேலே சொன்ன விண்டோஸ் அப்டேட் க்ளீனப் நீக்கிவிடும். விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைவான கோப்புறையையும் இப்படியே விட்டுவிடுங்கள். அதை அழித்தால் அன்று ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முயலும்போது அது முடியாமல் போகும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

ஏதேனும் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் பதிந்து வைக்கும் சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளிகள் பிடிக்கும் இடம் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. தேடல் பெட்டியில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, ‘கான்ஃபிகர்’ என்பதை அழுத்தினால், இப்போது எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதும், உச்ச அளவை மாற்றும் நகர்த்தியும் தெரியும். முழுவதும் நிறுத்திவிடாதீர்கள், மூன்று முதல் ஐந்து விழுக்காட்டுக்குள் வைத்தால் அண்மைய ஒன்றிரண்டு புள்ளிகள் நிற்கும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அழித்த இடம் இரண்டு நாளில் நிரம்புகிறது என்றால், ஏதோ ஒன்று தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் எவ்வளவு அழித்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதைதான். இன்று விஸ்ட்ரீயில் அளந்து, பெரிய கோப்புறைகளின் அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். எது வளர்ந்திருக்கிறதோ அதுதான் காரணம். என் அனுபவத்தில் மூன்று இடங்களை முதலில் சந்தேகிக்கலாம்.

முதலாவது, மேகச் சேமிப்பு. ஒன்டிரைவ் கோப்புறையில் ஏதேனும் ஒன்று ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்று குறிக்கப்பட்டிருந்தால், அங்கே போய்ச் சேரும் ஒவ்வொரு படமும் உங்கள் வட்டுக்கும் இறங்கும். கைப்பேசி எடுக்கும் படங்களும் அதே கணக்கில் ஏறுகின்றன என்றால், இரண்டு நாளில் வட்டு நிரம்புவதில் வியப்பில்லை. கூகுள் டிரைவின் கணினிச் செயலியிலும் ‘மிரர்’, ‘ஸ்ட்ரீம்’ என்ற இரண்டு முறைகள் உண்டு. மிரர் என்றால் எல்லாமே உங்கள் வட்டிலும் ஒரு படியாக இருக்கும். ஒன்டிரைவில் இடம் பெறும் சரியான வழி, கோப்புறையை வலது சொடுக்கி ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுப்பது. பச்சை நிறக் குறி போய் நீல மேகக் குறி வரும், கோப்பு மேகத்தில் மட்டும் இருக்கும், திறக்கும்போது இணையம் வழியே இறங்கும். இதற்குப் பதிலாக டெலீட் விசையை அழுத்தினால் மேகத்திலிருந்தும், அதே கணக்கில் உள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் அது போய்விடும். தனிநபர் கணக்கில் ஒன்டிரைவின் சொந்தக் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். நீங்கள் அழித்த படங்கள் பிக்சர்ஸ் கோப்புறையில் இருந்தவை என்றால், அந்தக் கோப்புறை ஒன்டிரைவோடு இணைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஆகவே இன்றே ஒன்டிரைவ் தளத்துக்குள் போய் அந்தக் குப்பைத்தொட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது, ஆப்டேட்டா என்ற மறைவான கோப்புறை. உங்கள் பயனர் பெயரில் உள்ள கோப்புறைக்குள் இது இருக்கிறது. செயலிகள் தங்களுக்காகச் சேமிப்பவை எல்லாம் இங்கேதான். பள்ளிக் குழு, அடுக்ககக் குழு, உறவினர் குழு என்று நாற்பது வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவருடைய கணினிச் செயலி, வரும் ஒவ்வொரு வீடியோவையும் தானாக இறக்கிவிடும். அதன் செட்டிங்ஸில் தானியங்கி இறக்கத்தை நிறுத்தலாம். டெலிகிராமில் ‘மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்’ என்ற இடத்தில் சேமிப்புக்கு உச்ச அளவு வைக்கலாம். அங்கே அழிப்பவற்றைத் தேவைப்பட்டால் டெலிகிராமே மறுபடி இறக்கித் தரும். ஆப்டேட்டாவை மொத்தமாக அழிக்கவோ வேறு டிரைவுக்கு நகர்த்தவோ கூடாது. உலாவியின் கடவுச்சொற்களும் செயலிகளின் அமைப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

மூன்றாவது, தொழில்முறை மென்பொருள்களின் இடைச்சேமிப்பு. திருமண வீடியோ தொகுப்பவர்களின் கணினியில் பிரீமியர் ப்ரோ உருவாக்கும் ‘மீடியா கேஷ்’ கோப்புகள், நிரல் எழுதும் மாணவர்களின் கணினியில் டாக்கர் என்ற மென்பொருளின் மெய்நிகர் வட்டுக் கோப்பு, இரண்டுமே கேட்பாரின்றி வளர்பவை. மீடியா கேஷைப் பிரீமியரின் அமைப்புகளுக்குள்ளிருந்தே அழிக்கலாம். மெய்நிகர் வட்டுக் கோப்போ, உள்ளே இருப்பதை அழித்தாலும் தானாகச் சுருங்குவதில்லை.

இணையத்திலிருந்து மறுபடி பெறக்கூடியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலை அளவின்படி வரிசைப்படுத்தி, ஓராண்டாகத் திறக்காதவற்றை நீக்குங்கள். பிள்ளைகள் நிறுவிய விளையாட்டு ஒன்று மட்டுமே 50 ஜிபிக்கு மேல் பிடித்திருக்கலாம். வீட்டில் யாரேனும் ஐபோனை இந்தக் கணினியில் இணைத்துக் காப்புப்படி எடுத்திருந்தால், ஆப்பிள் கோப்புறைக்குள் மொபைல்சிங்க் என்ற பெயரில் அது கிடக்கும். பழைய கைப்பேசியின் காப்புப்படி இருந்தால் ஆப்பிள் செயலிக்குள்ளிருந்தே அதை நீக்குங்கள். அதற்கு முன் அந்தக் கைப்பேசியில் இருந்தவை புதியதற்கு வந்துவிட்டனவா என்று உரியவரிடம் கேட்டுவிடுங்கள், ஏனெனில் அந்தக் காப்புப்படி மறுபடி பெறக்கூடிய ஒன்றாகத் தோன்றினாலும் சில வீடுகளில் அது ஒரே பிரதியாக இருக்கும்.

கடைசியாக, உங்களிடம் மட்டுமே இருப்பவை. கைப்பேசி வீடியோ எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. ஐபோனில் புதிய சுருக்க முறையில் 1080பி வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி, 4கே வீடியோ விநாடிக்கு 30 சட்டகம் என்றால் 170 எம்பி, 60 சட்டகம் என்றால் 400 எம்பி. பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாவை ஒரு மணி நேரம் கடைசி முறையில் எடுத்தால் 24 ஜிபி. உங்கள் வட்டில் பத்தில் ஒரு பங்கு. இவற்றை ஜிப் செய்தால் இடம் குறையும் என்று நினைக்காதீர்கள். படங்களும் வீடியோக்களும் எடுக்கும்போதே சுருக்கப்பட்டவை, மறுபடி சுருக்குவதில் ஒரு விழுக்காடுகூட மிச்சப்படுவது அரிது.

இவற்றை வெளி வட்டுக்கு நகர்த்துவதே வழி. நகர்த்தும்போது ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்யாதீர்கள். நகலெடுங்கள், முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் கோப்புறையின் மேல் வலது சொடுக்கி ‘ப்ராப்பர்டீஸ்’ பார்த்து, கோப்புகளின் எண்ணிக்கையும் பைட்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பத்துக் கோப்புகளையாவது வெளி வட்டிலிருந்தே திறந்து பாருங்கள். வட்டை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மறுபடி இணைத்து, அப்போதும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கணினியில் உள்ளதை அழியுங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. என் உறவினர் ஒருவர் தம் தந்தையின் கடைசி ஆண்டுகளில் எடுத்த வீடியோக்களை வெளி வட்டுக்கு நகலெடுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போனார். இரவில் கேபிள் அசைந்து நகல் பாதியில் நின்றிருக்கிறது. காலையில் வெளி வட்டில் கோப்புறையின் பெயரைப் பார்த்துவிட்டு, கணினியில் இருந்ததை, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதபடி, ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழித்துவிட்டார். பழைய சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்திருந்தால், அதன் மேல் வேறெதுவும் எழுதப்படும் வரை மீட்பு மென்பொருளால் பெரும்பகுதியை எடுத்திருக்க முடியும். எஸ்எஸ்டியில் அப்படியில்லை. கோப்பை அழித்ததுமே, இந்த இடம் இனி தேவையில்லை என்று ட்ரிம் என்ற கட்டளையின் வழியாக விண்டோஸ் வட்டுக்குச் சொல்லிவிடுகிறது, வட்டும் அதைத் துடைத்துவிடுகிறது. அவர் கணினியை என்னிடம் கொண்டுவந்தபோது என்னால் ஒரு வீடியோவைக்கூட மீட்டுத் தர முடியவில்லை. அதன் பிறகு யாருக்குச் சொன்னாலும் இந்த ஒப்பிடும் வேலையை விட்டுவிட்டுச் சொல்வதில்லை.

வெளி வட்டாக நீண்ட காலம் வைத்திருக்கச் சாதாரண ஹார்டு டிஸ்கையே பரிந்துரைக்கிறேன். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடக்கும் எஸ்எஸ்டியும் பென்டிரைவும் தரவை இழக்கும் வாய்ப்பு கூடுதல். பென்டிரைவ்கள் பலவும் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் வருவதால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்கவும் மாட்டா. அந்த வெளி வட்டு மட்டுமே ஒரே பிரதியாக இருந்தால் அதுவும் போதாது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பதே புகைப்படக்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. குறைந்தது மிக முக்கியமானவற்றையாவது மேகத்திலும் வையுங்கள். ஒன்டிரைவில் இலவசமாக 5 ஜிபி, கூகுள் கணக்கில் மின்னஞ்சலும் படங்களும் சேர்த்து 15 ஜிபி கிடைக்கும்.

சிலருக்குச் சி டிரைவ் மட்டும் நிரம்பி, டி டிரைவ் காலியாகக் கிடக்கும். கடைக்காரர்கள் 1 டிபி வட்டைச் சி, டி, இ என்று பிரித்து, சி-க்கு 100 ஜிபி மட்டும் கொடுத்த காலத்துக் கணினிகளில் இது வழக்கம். அவர்கள் பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய கோப்புறைகளின் ப்ராப்பர்டீஸில் ‘லொகேஷன்’ பகுதிக்குப் போய் அவற்றை டி-க்கு மாற்றலாம். மாற்றும் முன் டி-யில் அதே பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி அதைக் காட்டுங்கள். நேராக டி டிரைவின் முகப்பையே காட்டிவிட்டால், அந்த டிரைவ் முழுவதும் பிக்சர்ஸ் கோப்புறையாகக் கருதப்பட்டு, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடாகிவிடும். டி-யைச் சுருக்கிச் சி-யைப் பெரிதாக்கலாமே என்று கேட்பீர்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், சி-க்கு வலப்புறம் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். நடுவே மீட்புப் பகிர்வு (ரெகவரி பார்ட்டிஷன்) ஒன்று நின்றால் ‘எக்ஸ்டெண்டு வால்யூம்’ என்பது மங்கலாகவே இருக்கும்.

கணினியைச் சுத்தம் செய்து வேகமாக்குவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். இங்கே சொன்ன எதற்கும் அவை தேவையில்லை. விண்டோஸும் செயலிகளும் தங்கள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதால் வட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் கிடைப்பதே இல்லை, ஆனால் தவறான ஒரு பதிவு நீக்கப்பட்டால் செயலிகள் கெடும். அதற்குப் பதிலாக தேவையற்ற கோப்புகளைத் தானே நீக்கும், விண்டோஸிலேயே உள்ள ஸ்டோரேஜ் சென்ஸை இயக்கி வையுங்கள். ரீசைக்கிள் பின்னுக்கு 30 நாள் என்றும், டவுன்லோட்ஸுக்கு ‘நெவர்’ என்றும் அமைத்துவிடுங்கள்.

இவையனைத்தையும் செய்த பிறகும் 35 ஜிபி தேறவில்லை என்றால், உங்கள் வேலைக்கு அந்த வட்டு சிறியது என்றுதான் பொருள். வாரந்தோறும் அழித்துக்கொண்டிருப்பதைவிட 512 ஜிபி அல்லது 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாறிவிடுவது நல்லது. வாங்கும் முன் உங்கள் மடிக்கணினியின் மாடல் எண்ணை வைத்து மூன்று விவரங்களைப் பாருங்கள்: வட்டைக் கழற்ற முடியுமா, அல்லது போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா; எம்.2 வகையா, 2.5 அங்குல வகையா; எம்.2 என்றால் அதன் இணைப்பு முறை என்விஎம்இயா, சாட்டாவா. நீளமும் பொருந்த வேண்டும். 2280 என்பதுதான் பரவலான அளவு. அதாவது அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். பழைய வட்டில் உள்ளதை அப்படியே புதியதற்குப் படியெடுத்தால் எதையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்காது. ஆனால் விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைக்கும் வட்டு மறையாக்கம் (பிட்லாக்கர்) தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால், மூடியைத் திறக்கும் முன்னரே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், 48 இலக்கம் கொண்ட பிட்லாக்கர் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.